குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்கு மதிப்பு: கன்னியாகுமரி மாவட்டம்

இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரு மக்களவை உறுப்பினரும் இடம்பெறுகிறார்கள். 2022 தேர்தலில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.யின் வாக்குக்கும் மதிப்பு 176, எம்.பி.யின் வாக்குக்கு 700. நாடு முழுவதற்குமான 10,86,431 என்ற மொத்த மதிப்பில் இம்மாவட்டத்தின் பங்கு 1,756. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பங்கு பலமுறை மாறியிருக்கிறது. 1956இன் எல்லை மாற்றம் ஒன்றே மாவட்ட மக்கள் போராடிப் பெற்றது. மற்றவை வெளியே எடுக்கப்பட்ட முடிவுகள்.

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு மாநிலம் தன் தேர்வர் வாக்குகளை எப்படிப் பகிர்வது என்பதை அதன் சட்டமன்றமே முடிவு செய்கிறது. மெய்ன் 1972 தேர்தலிலிருந்தும் நெப்ராஸ்கா 1992 தேர்தலிலிருந்தும் தொகுதிவாரியாகப் பகிர்கின்றன. மற்ற மாநிலங்களில் வென்றவருக்கே அனைத்தும். இந்திய மாநிலங்களுக்கு அந்த உரிமை கிடையாது. அரசியலமைப்பின் 55ஆம் உறுப்பே கணக்கை வகுத்துவிட்டது. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை 1,000ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168, உறுப்பினர்கள் 234 பேர், விடை 176. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எம்.பி.யின் மதிப்பு கிடைக்கும். மொத்தமாக ஒரே வேட்பாளருக்கு என்ற பேச்சு இங்கே இல்லை. கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது, வாக்கு ரகசியமானது. எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சை. வேட்பாளர்களுக்கான விருப்ப வரிசையை எண்ணால் மட்டுமே குறிக்க வேண்டும், எழுத்தால் எழுதினால் செல்லாது. எண் எந்த இந்திய மொழியினதாகவும் இருக்கலாம் என்பதால் தமிழ் எண்ணான ‘௧’ போட்டாலும் வாக்கு செல்லும்.

1952இல் முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அவற்றின் எம்.எல்.ஏ.க்களின் வாக்கு அந்த மாநிலக் கணக்கில் சேர்ந்தது. நாகர்கோவில் எம்.பி. மார்ஷல் நேசமணி. இத்தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க அவர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று வென்றது. 1957 தேர்தலில் குமரியின் வாக்கு சென்னை மாநிலக் கணக்குக்கு வந்தது.

1968இல் நேசமணி மறைந்ததையடுத்து 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் நாகர்கோவில் எம்.பி. ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. காங்கிரஸில் காமராஜர் சார்ந்த அணி நிறுத்திய சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா காந்தி. முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பங்களையும் எண்ணியபோது ரெட்டியை எதிர்த்துப் போட்டியிட்ட வி. வி. கிரி 4,20,077 பெற்றார், ரெட்டி 4,05,427. இரண்டாம் விருப்பம்வரை எண்ண வேண்டிவந்த குடியரசுத் தலைவர் தேர்தல் இதுவரை அது ஒன்றுதான். வித்தியாசம் 14,650. அப்போது ஓர் எம்.பி.யின் வாக்கு மதிப்பு 576 என்பதை நினைத்தால், ஒவ்வொரு வாக்கும் எவ்வளவு கனமானது என்பது புரியும்.

அடுத்த பெரிய மாற்றம் நெருக்கடி நிலையில் வந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் பிரதிநிதித்துவத்தை இழக்கக் கூடாது என்று 1976 ஏப்ரலில் மத்திய அரசு மக்கள்தொகைக் கொள்கையில் அறிவித்தது. அவ்வாண்டின் 42ஆவது திருத்தம் 1971 எண்களை 2000க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை உறையவைத்தது. 55ஆம் உறுப்பைத் திருத்தப் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புதல் தர வேண்டும். ஆனால் 1976 ஜனவரி 31 அன்றே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டதால், ஒப்புதலோ மறுப்போ சொல்லத் தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. திருத்தம் நமக்கு நன்மை செய்தது என்பது உண்மை. அந்த விவாதத்தில் நமக்குக் குரல் இல்லாமல் போனதும் உண்மை. பின்னர் 84ஆவது திருத்தம் இந்த உறைநிலையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது.

மாநிலத்துக்குக் கிடைத்த இந்தக் காப்பு மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை, மாநிலத்தின் 234 இடங்களை மாற்றாமல், உள்ளே 2001 எண்களின்படி பிரித்தது. 1971இல் குமரியில் 12,22,549 பேர். மாநில விகிதப்படி ஏறக்குறைய ஏழு இடம். 2001இல் 16,76,034 பேர் இருந்தும் ஆறே கால் இடத்துக்குத்தான் கணக்கு வந்தது, ஏனெனில் மற்ற மாவட்டங்கள் இதைவிட வேகமாக வளர்ந்திருந்தன. ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற திருவட்டாறு, தொகுதி என்ற நிலையை இழந்தது. 2007 தேர்தலில் 7 எம்.எல்.ஏ.க்களுக்கு 1,232 ஆக இருந்த மதிப்பு, 2012இல் 1,056 ஆனது. தமிழ்நாட்டின் 41,184 அப்படியே இருந்தது. எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம், குடும்பத்தைச் சிறிதாக்கிய மாவட்டம், அதற்காகவே ஓர் இடத்தை இழந்தது நியாயமில்லை. உறைநிலை முடியும்போது நேருமென்று தமிழ்நாடு முழுவதும் அஞ்சும் இழப்பைக் குமரி முன்பே அனுபவித்துவிட்டது.

1971 எண்களுக்குப் பதிலாக 2011 எண்களைப் பொருத்திப் பார்த்தால் அந்த அச்சத்தின் அளவு தெரியும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் மதிப்பு 176இலிருந்து 308 ஆகும்; உத்தரப் பிரதேசத்தில் 208இலிருந்து 496 ஆகும். எண் கூடினாலும் எடை குறையும். இப்போது உத்தரப் பிரதேசத்தின் மொத்த மதிப்பு தமிழ்நாட்டைப்போல் இரு மடங்கு, அப்போது 2.8 மடங்கு. கேரளத்தின் 152, 239 ஆகும். அங்கும் இதே கதைதான்.

55ஆம் உறுப்பின் இன்றைய வாசகப்படி 2027 கணக்கெடுப்பின் எண்கள் வெளியானதும் 1971 எண்கள் தாமாகவே காலாவதியாகிவிடும். அதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை. உறைநிலையை நீட்டத்தான் திருத்தம் தேவை. அதற்கு இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மையும், குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.