சும்மா வைத்த பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?

அப்பாவோட பழைய டிஜிட்டல் கேமராவை நண்பர் ஒருத்தர் தேடிப் பிடிச்சு எடுத்தார். ரெண்டு டபுள்-ஏ ரீசார்ஜபிள் செல்லை ஃபுல் சார்ஜ் போட்டு பீரோவுல வெச்சார். ரெண்டு மாசம் கழிச்சு தங்கச்சிக்கு வளைகாப்பு. கேமராவை ஆன் பண்ணினா, லென்ஸ் பாதி வெளிய வந்து அப்படியே நின்னுடுச்சு. யாருமே தொடாத செல்லுல இருந்த சார்ஜ் எங்க போச்சு?

பேட்டரியை நாம தண்ணித் தொட்டி மாதிரி நினைச்சுக்கறோம். அது தொட்டி இல்ல. சார்ஜ் போடும்போது, உள்ளே இருக்கும் வேதிப்பொருட்களை அவற்றுக்கு இயல்பில்லாத ஒரு நிலைக்குத் தள்ளுகிறோம். மலைமேல் உருட்டி ஏற்றிய கல் மாதிரி, அவை எப்போதும் கீழே இறங்கத்தான் பார்க்கும். வயர் வழியாக இறங்கினால் நமக்கு மின்சாரம். வயர் இல்லாவிட்டால் உள்ளேயே குறுக்குவழி கண்டுபிடிக்கும். இதுக்குப் பேருதான் செல்ஃப் டிஸ்சார்ஜ்.

இந்தத் தொல்லை ரீசார்ஜபிள் பேட்டரியோடவே பிறந்தது. 1859-இல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து முதல் ரீசார்ஜபிள் பேட்டரியைச் செய்தார். ஈயம் மென்மையான உலோகம். அதை உறுதியாக்கப் பின்னாளில் ஆன்டிமனி கலந்தார்கள். தகடு உறுதியானது, ஆனால் அந்த ஆன்டிமனியே மெல்ல எதிர்த்தகட்டுக்குப் போய், சார்ஜ் வேகமாக இறங்கக் காரணமானது. அதற்குப் பதிலாகக் கால்சியம் கலந்த பிறகுதான் வேகம் குறைந்தது.

1899-இல் சுவீடனின் வால்டெமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கொண்டுவந்தார். அதன் வாரிசான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு 1989-இல் விற்பனைக்கு வந்தது. நண்பர் கேமராவுல இருந்தது இந்த வகைதான். கொள்ளளவு அதிகம், ஆனா சும்மா வெச்சா மாசத்துக்குக் கால் பங்கு சார்ஜ்கூட போயிடும்.

ஏன்? சார்ஜான நிக்கல் தகடு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனை வெளியிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். இன்னொரு காரணம், இரண்டு தகடுகளையும் பிரிக்க நடுவில் வைத்த நைலான் வகைத் துணி. அது சிதையும்போது வரும் நைட்ரஜன் சேர்மங்கள் ஷேர் ஆட்டோ மாதிரி ரெண்டு பக்கமும் ட்ரிப் அடிச்சு, சார்ஜை இறக்கிவிட்டுக்கிட்டே இருக்கும்.

2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் செல்களை வெளியிட்டது. ஹைட்ரஜனைப் பிடித்துவைக்கும் உலோகக் கலவை உட்பட உள்ளே பல மாற்றங்கள். ஒரு வருஷம் கழிச்சும் 85 சதவீதம் சார்ஜ் இருக்கும்னு நிறுவனம் சொன்னது. கடையிலேயே சார்ஜோட வித்தாங்க. அதுக்கு முன்னாடி அப்படி வித்திருந்தா, வாங்கறவர் கைக்குப் போகும்போது காலியாத்தான் இருந்திருக்கும்!

1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் கதை வேற. அங்கே சார்ஜான கார்பன் பக்கம், தன்னைத் தொடும் திரவத்தோடு வினைபுரியும். அந்த வினையில் உண்டாகும் கழிவே மெல்லிய படலமாகப் படிந்து, மேற்கொண்டு வினை நடக்காமல் தடுக்கிறது. புண்ணுக்கு மேல கட்டற பொருக்கு மாதிரி. அதனால் மாதத்துக்கு ஒருசில சதவீதம்தான் இழப்பு. ஆனா அந்தப் படலமும் முழுசா அடைக்காது. சூடு ஏறினால் வினை வேகமாகும். அப்படிப் போறதுல ஒரு பகுதி, மறுபடி சார்ஜ் போட்டாலும் திரும்பி வராது.

அதனால, கேமராவை எடுத்துவைக்கும்போது பேட்டரியைக் கழட்டிடுங்க. ஆஃப்ல இருந்தாலும் கேமராவுக்குள்ள கடிகாரம் கொஞ்சம் சார்ஜ் எடுக்கும். லித்தியமா இருந்தா பாதி சார்ஜ்ல, வெயில் படாத இடத்துல வைங்க. ஃபுல்லாவும் வேண்டாம், சுத்தமா காலியாவும் வேண்டாம். உப்பியிருந்தா சார்ஜ் போடவே கூடாது.

பிளான்டேவுக்கு அப்புறம் 160 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கல்லு இறங்கறதை மெதுவாக்க முடிஞ்சிருக்கு, நிறுத்த முடியல. ஆக, விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒருமுறை சார்ஜ் போட்டுடுங்க. அந்த வளைகாப்புல, எல்லாப் படமும் போன்லதான் எடுத்தாங்க.