புல்லட் பிரைமரி கேஸில் கியர் ஆயில் கசிவு

என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரித்த பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரைமரி கேஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். கியர் ஆயில் பிரைமரிக்குள் புகுந்தால் முதலில் வழுக்குவது அதற்குள் இருக்கும் கிளட்ச்தான்: ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் உறுமும், வண்டி வேகமெடுக்காது.

பிரைமரியின் லெவல் ஸ்க்ரூவைக் கழற்றியதும் ஆயில் கொட்டினால் கசிவு உள்ளே வருகிறது. ஆனால் கிராங்க் சீல் தேய்ந்தால் இன்ஜின் ஆயிலும் அங்கேதான் சேரும். அவசரப்பட்டு கியர்பாக்ஸைப் பிரிப்பது வீண்வேலை. விரலில் தொட்டு முகர்ந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: இபி 90 கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நெடி அடிக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டிலும் ஆயிலைச் சரியான அளவில் நிரப்பி ஓட்டி, எது குறைகிறது எனப் பார்ப்பதே உறுதியான சோதனை.

குறைவது கியர்பாக்ஸ் என்றால், கிளட்ச் தள்ளுகம்பி ஓடும் மெயின் ஷாஃப்ட் துளையையும் சீலையும் பார்க்க வேண்டும்.

பின்னாளில் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜின்களில் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால் இந்தக் கேள்வி எழாது.