சென்னை மிருகக்காட்சிச் சாலையின் பூர்வ கதை

1851-ஆம் ஆண்டில் சென்னையில் அரசாங்கப் பொருட்காட்சிச் சாலை ஸ்தாபிக்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்ற எட்வர்டு பால்பர் என்னும் ராணுவ வைத்தியர், கற்களையும் தாதுக்களையும் அடுக்கி வைத்த அலமாரிகளைத் தேடிச் சாமானிய ஜனங்கள் திரண்டு வரமாட்டார்கள் என்பதை வெகு சீக்கிரத்தில் உணர்ந்துகொண்டார். புலி ஒன்றும் சிறுத்தை ஒன்றும் உயிரோடு அங்கே வைக்கப்பட்டதும் பார்வையாளர் தொகை பன்மடங்கு பெருகியது. அதைக் கண்ட அவர், கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கானிடம் இருந்த மிருகங்களைக் கேட்டுப் பெற்று, 1855-இல் எழும்பூர்ப் பாந்தியன் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிச் சாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் அங்கே முன்னூறுக்கு மேற்பட்ட பிராணிகள் சேர்ந்துவிட்டன. அதே 1855-ஆம் ஆண்டு அக்டோபரில் நவாப் சந்ததியின்றிக் காலமாக, கம்பெனியார் அந்தப் பட்டத்தையே ஒழித்தனர். ஓர் அரச வம்சத்தின் வைபவமெல்லாம் மறைந்த பின்பும், அதன் மிருகங்களை நகரத்து ஏழை எளியவர் கண்டு களித்து வந்தார்கள் என்பது என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி.

இதற்கிடையில், கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன் முயற்சியால் சென்ட்ரல் பக்கத்தில் நூற்றுப்பதினாறு ஏக்கர் விஸ்தீரணத்தில் பீபிள்ஸ் பார்க் உருவாயிற்று. 1860-களின் தொடக்கத்தில் மிருகங்கள் அங்கே குடியேற, சாலையின் நிர்வாகம் நகரசபையின் கைக்கு வந்தது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேல், வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள், ரயிலை விட்டிறங்கிக் கால்நடையாகவே போய்ச் சேரக்கூடிய முதல் அதிசயமாக அது விளங்கியது. எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைச் செத்த காலேஜ் என்றும், இதை உயிர்க்காலேஜ் என்றும் ஜனங்கள் வழங்கினார்கள். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாக அவர்கள் இரண்டையும் கண்டு, மாலையில் கடற்கரைக்குப் போவது எழுதாத சம்பிரதாயமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தறியாதவர்கள் சிங்கத்தின் பிடரியை நேரில் கண்டு வியந்த அந்தப் பொழுது, எந்தப் பாடபுஸ்தகமும் தந்துவிட முடியாத கல்வி என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அந்தக் கல்விக்கு விலை கொடுத்தவை வாயில்லா ஜீவன்கள். காண்பவர் கண்ணுக்கு எப்போதும் தப்பாதபடி அமைக்கப்பட்ட இரும்புக் கூண்டுகளிலே, நாலடி முன்னும் நாலடி பின்னுமாக நடந்தே அவற்றின் ஆயுள் கழிந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு பொழிந்தபோது, சென்னையும் தாக்கப்பட்டுக் கூண்டுகள் உடைந்தால் துஷ்ட மிருகங்கள் வீதியில் திரியும் என்ற அச்சம் அதிகாரிகளைப் பற்றிக்கொண்டது. மலபார் ஸ்பெஷல் போலீஸார் வரவழைக்கப்பட்டு, சிங்கங்களும் புலிகளும் கூண்டுகளுக்குள்ளேயே சுடப்பட்டு மாண்டன. யுத்தகாலத்தின் நிர்ப்பந்தம் அறியாதவன் அல்லேன்; ஆயினும் எங்கோ கானகத்தில் பிறந்து, நம்முடைய வேடிக்கைக்காகச் சிறைப்பட்டு, நம்முடைய சண்டைக்காகவே உயிர்விட்ட அந்தப் பிராணிகளை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

யுத்தம் முடிந்து மிருகங்கள் மறுபடியும் வந்து சேர்ந்தன; ஆனால் இடம் வரவர நெருக்கடியாயிற்று. பூங்காவின் நிலத்தை ரிப்பன் மாளிகையும் மூர் மார்க்கெட்டும் விளையாட்டரங்கமும் ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வாகனங்களின் இரைச்சலும் புகையும் கூண்டுகளைச் சூழ்ந்தன. ஆகவே நகருக்குத் தெற்கே வண்டலூர்க் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கி, 1979-இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். பின்னர்ச் சேர்ந்த நிலத்தோடு அதன் பரப்பு இன்று 602 ஹெக்டேர்.

அங்கே கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளே மிருகங்களையும் மனிதரையும் பிரிக்கின்றன. புலி மரநிழலில் படுத்துவிட்டால், அது எழுந்து வரும்வரை அகழிக்கு இப்பால் வந்தவர்கள் காத்துத்தான் நிற்க வேண்டும். வெயிலில் நெடுந்தூரம் நடந்தும் காண முடியவில்லையே என்று சிலர் குறைப்படுவதுண்டு. என் அபிப்பிராயத்தில், பழைய பார்க்கில் அந்த மிருகங்களுக்கு ஒருநாளும் கிட்டாத உரிமை அதுவே.