பெயரும் ஆளும்: மொன்றியல் தமிழரின் ஆளடையாளம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒருவரே என்பதற்குச் சான்று நினைவின் வழித் தொடரும் உணர்வே என ஜோன் லொக் கருதினார். மனித அறிவு பற்றிய தமது நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கருத்தை அவர் சேர்த்தார். அதே இயலில், ‘ஆள்’ என்பது செயலுக்கும் அதன் பயனுக்கும் உரியவரைச் சுட்டும் வழக்குமன்றச் சொல் என்றும் குறித்தார். கனடாவின் வரலாறு இந்த இரண்டாம் கூற்றுக்கே அண்மையில் நிற்கிறது. செனற் சபை நியமனத்துக்குரிய ‘ஆட்கள்’ என்னும் சொல் பெண்களை உள்ளடக்காது என 1928இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மறு ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை மாற்றியது.

கியூபெக்கில் இவ்வழக்கு மெதுவாகவே நகர்ந்தது. 1866ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக்கோவை, மணமான பெண்ணைச் சிறுவரோடு சேர்த்து ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவராக வகுத்திருந்தது. சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினர் கிளேர் கேர்க்லாந்து-கஸ்கிரெயின் முன்வைத்த 1964ஆம் ஆண்டுச் சட்டமே அந்நிலையைக் களைந்தது. 1981 ஏப்ரல் 2 முதல், மணத்தின் பின்னும் இருவரும் தத்தம் பிறப்புப் பெயரிலேயே உரிமைகளைச் செலுத்த வேண்டும் என்றாயிற்று.

1983இன் பின் மொன்றியலுக்கு வந்த ஈழத்தமிழரை எதிர்கொண்டது இச்சட்டமே. அவர்களிடம் குடும்பப்பெயர் என்ற ஒன்று இருக்கவில்லை; தந்தையின் இயற்பெயரே முன்னே நின்றது, அதுவும் தலைமுறைதோறும் மாறியது. எடுத்துக்காட்டாக, கந்தசாமியின் மகன் சிவராசா எனின், படிவத்தில் ‘கந்தசாமி’ குடும்பப்பெயராகிறது. சிவராசாவின் மகளுக்கு ஊர் வழக்கின்படி முன்னிற்க வேண்டியது ‘சிவராசா’. ஆயினும் பிள்ளையின் குடும்பப்பெயர் பெற்றோரின் குடும்பப்பெயர்களிலிருந்தே வரவேண்டும் என்பது விதி. எனவே பாட்டனாரின் பெயர் உறைந்து நிற்கிறது. தாய் பொன்னையாவின் மகளாயின், ‘பொன்னையா’ என்பதும் தனித்தோ இணைந்தோ பிள்ளைக்கு வரலாம். தாய்வழிப் பாட்டனாரின் பெயர் பேத்திக்கு முன்னிற்பது ஊர் வழக்கில் இல்லாதது. ‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். அவ்வகையில், தமிழ் அறியாத ஒரு சட்டம் பேத்திமாரையும் பெயரர் ஆக்கிவிட்டது!

இதனை வெறும் படிவச் சிக்கலாக ஒதுக்குதல் தகாது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில், ‘எனது உடல்’ என்று சொல்லப்படுவதையே உடலின் வேறாக உயிர் உண்டு என்பதற்கு ஓர் ஏதுவாகக் காட்டுகிறது. ‘எனது பெயர்’ என்பதற்கும் அவ்வாதம் பொருந்தும்: பெயர் உடைமையே, உடையவர் அன்று. எனினும் சட்டத்தின் முன் உரிமைகள் அனைத்தும் அவ்வுடைமையின் வழியாகவே செல்கின்றன. சிவராசாவின் மனைவியாக நெடுங்காலம் அறியப்பட்டவர், கோட்-டெ-நேஜ் பகுதியின் மருத்துவமனை வரிசையில் ‘திருமதி பொன்னையா’ என அழைக்கப்படும்போது, அது தம் தாயின் பெயர் எனத் திகைக்க இடமுண்டு. கணவன் பெயரின் தலைப்பெழுத்தை மனைவி ஏற்பதும் தொன்மரபன்று, ஆங்கிலேயர் காலப் பதிவுகளோடு வளர்ந்ததே என்பதால், இதனை இழப்பு என்று மட்டும் கூறவும் இயலாது.

1981 ஏப்ரல் 2க்கு முன் மணந்தோர் கணவர் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டிற் பிறந்த சகோதரிகளுள், 1980இல் மணந்த தமக்கை கணவர் பெயராலும், 1984இல் மணந்த தங்கை தந்தை பெயராலும் மொன்றியலில் வழங்கப்படலாம்.