லயத்து முற்றத்தில் முயல்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வளர்ப்புப் பிராணி என்றால் முதலில் மாடு. அதன் பின்னரே ஆடும் கோழியும். முயலுக்கு அவ்வரிசையில் நெடுங்காலம் இடமிருந்ததில்லை. இத்தனைக்கும் அப்பிராணி வேண்டுவது பச்சைத் தழையும் குளிர்ந்த காற்றுந்தான். அவ்விரண்டிற்கும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் குறைவேயில்லை.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நலம். மானாப்புல்லிடையே பாய்ந்து மறையும் நம் காட்டு முயல் வேறு. கூட்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயலின் குட்டி உடலெங்கும் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ வெற்றுடம்போடு, கண்மூடிப் பிறக்கும். இரண்டும் இனங்கலப்பதில்லை. ஆதலின் காட்டு முயலைப் பிடித்து அடைத்துப் பெருக்கலாமென்று எண்ணுவது வீண். வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் அதையடுத்த தென் பிரான்சுமாகும். ஐரோப்பியர் கப்பலேறிச் சென்ற நாடுகளுக்கெல்லாம் அதுவும் உடன் சென்றது. 1859 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்கென்று சில முயல்களைத் திறந்துவிட்டார். சில பத்தாண்டுகளில் அக்கண்டத்தின் புல்வெளிகளையே அவை மேய்ந்து அழித்த கதை உலகறிந்தது. கூட்டின் தாழ்ப்பாள் உறுதியாயிருக்க வேண்டுமென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். 1869 இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது; கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவே ஒரு குடும்பத்தின் உலகமாயிற்று. 1924 இல் புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது. லயம் மாத்திரம் மாறவில்லை. காம்பராவும் அதைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்திற்கே உரியவை. தொழிலாளி எழுப்பிய மாட்டுக் கொட்டிலும் நிர்வாகத்தின் சம்மதத்தால் நின்றதேயன்றி உரிமையால் நின்றதன்று. அத்தகைய நிலையில் மாடு பிழைத்ததற்குக் காரணமுண்டு. அது பாலுந்தந்தது, மரக்கறிப் பாத்திக்குச் சாணமுந்தந்தது; அவசரத்திற்கு விற்றால் கையில் பணமுமாயிற்று. முயல் தருவது முக்கியமாக இறைச்சி. சம்பள நாளிலும் தீபாவளியிலும் மட்டுமே இறைச்சி சமைத்த வீட்டில், அதற்கென்று ஒரு பிராணியை ஆண்டு முழுதும் பேணுவது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

பஞ்சம் வந்தால் எண்ணம் மாறும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. முயலுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆகவே நகரத்து மக்களுங்கூட வீட்டுப் பின்புறத்தில் கூடுகள் அடித்தார்கள். நம் தோட்டங்களிலோ 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று மாற்றுணவுக்கு வழிசொல்வாரில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மறுபடியும் அடுப்பங்கரை நடுங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்தது. முட்டையும் எட்டாப் பொருளாயிற்று. அதற்கு முன்பே, 2016 ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர் என்றும், தோட்டப்புறத்தில் முப்பத்திரண்டு பேர் என்றும் கண்டிருந்தது. முயலைப் பற்றிய பேச்சை இன்று எடுப்பதற்கு இந்த இரண்டு எண்களே காரணம்.

தொடங்குவோர் ஓர் ஆண், இரு பெண் என்று தொடங்கலாம். மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகளாயிருத்தல் ஆகாது. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், அடியில் கம்பிவலை அடித்த கூடு வேண்டும். புழுக்கை கீழே விழுந்துவிடும். பெண்ணை ஆணின் கூட்டிற்குக் கொண்டுசெல்ல வேண்டுமே தவிர, ஆணைப் பெண்ணிடம் விடலாகாது. பெண் தன் இடத்தில் அயலாரைப் பொறுக்காது. சினைக்காலம் முப்பத்தொரு நாள். ஈனுவதற்குச் சில நாள் முன்னே காய்ந்த புல்லிட்ட பெட்டியொன்றை உள்ளே வைத்தால், தாய் தன் ரோமத்தையே பிய்த்து மெத்தையிடும். ஆண்டிற்கு நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று குறைத்தே கொண்டாலும் இரு பெண்களுக்கு நாற்பதாகும். சாவு போக முப்பது மிஞ்சினால் ஏறக்குறைய முப்பது கிலோ இறைச்சி. வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பெருஞ்செல்வமன்று, ஆனால் பிள்ளைகளின் தட்டில் தெரியும். முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்ணக் கண்டு சிலர் நோயென்று அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை; அது அதன் இயற்கையான செரிமான முறை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. தேயிலை நிரைகளில் களைநாசினி தெளிக்கிறார்கள். 2015 இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே மலையில் அறுத்த புல்லை அப்படியே கூட்டில் போடாதீர்கள். முருக்க மரத்துத் தழை, வீட்டுப் பாத்தியின் கரட் இலை ஆகியவை நல்லவை. ஈரமாயிருந்தால் வாடவிட்டே போட வேண்டும். பதுளைப் பட்டணம் அப்புத்தளையைக் காட்டிலும் வெகுவாகத் தாழ்ந்தது. அங்கே வெப்பம் முப்பது பாகைக்கு மேலேறினால் ஆண் முயலின் கருவூட்டும் ஆற்றல் குன்றும். மரநிழல் இன்றியமையாதது.

இன்னொரு தடையுண்டு, அது கூட்டில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. 2017 இல் வெனிசுவேலா அரசு ஏழைக் குடும்பங்களுக்கு முயல்குட்டிகளை வழங்கியது. அதிகாரிகள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, மக்கள் அவற்றிற்குப் பெயரிட்டு, கழுத்தில் நாடா கட்டி, படுக்கையில் தூங்கவைத்திருந்தார்கள். சிரிக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் செய்வார்கள். இனவிருத்திக்கென நிறுத்தும் மூன்றிற்குப் பெயரிட அவர்களை விடுங்கள். மற்றவற்றிற்குப் பெயர் வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

லயத்தைவிட்டுத் தனி வீட்டிற்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றிற்கு ஏழு பேர்ச் நிலம் கிடைத்திருக்கிறது. வீட்டிற்கும் கிணற்றடிக்கும் போக எஞ்சும் மூலையில் மாடு கட்ட இடம் போதாது. இரண்டு முயற்கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். கீழே விழும் புழுக்கை பக்கத்துக் கத்தரிப் பாத்திக்கு உரமாகும்.