சொட்டுநீரும் திராட்சைக் கொடியும்

மாணவ நண்பர்களே, நான் வாழும் திருவொற்றியூரிலும், அண்டையிலுள்ள இராயபுரம், எண்ணூர்ப் பகுதிகளிலும் திராட்சைத் தோட்டம் எதுவும் இல்லை. ஆயினும் திராட்சைக்கு நீர் வார்க்கும் கலையின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன். நிலத்தடி நீரை அளவின்றி எடுத்தால் நேர்வது என்ன என்பதைக் கண்கூடாகக் கண்ட பகுதி இது.

எண்ணூருக்கு அப்பால், மீஞ்சூரைச் சுற்றிக் கொசத்தலையாறு படிய வைத்த மணலுக்கடியில் நன்னீர் நிறைந்திருந்தது. நகரமும் ஆலைகளும் அதனை இறைத்தன, வயல்களும் இறைத்தன. ஆலைகளை மட்டும் குறை கூறுவது எளிது. உழவுக்கு எடுத்த நீரே அதில் பெரும்பங்கு. நிலத்தடி நன்னீரின் அழுத்தந்தான் கடல்நீரைத் தடுத்து நிற்கும் அணை. அவ்வழுத்தம் குறைந்தபோது கடல் மண்ணுக்கடியில் உள்ளே நடந்தது. 1960-களின் இறுதியில் நடந்த ஆய்வுகளிலேயே இது தெரிய வந்தது. பின்னர் கிணறுகள் பல உப்புக் கரித்தன.

வயல் முழுவதும் நீர் பாய்ச்சும்போது வேர் குடிப்பது எவ்வளவு? ஒரு பகுதியே. எஞ்சியதில் சிறிது வெயிலுக்கு இரையாகிறது. சிறிது களைக்குப் போகிறது. சிறிது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. வேருக்கு மட்டும் நீர் ஊட்டும் வழியை மனிதன் பழங்காலத்திலேயே தேடியிருக்கிறான். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்-சியின் சீன வேளாண் நூல், சுட்ட மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பும் முறையைக் கூறுகிறது. பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேரை அடையும். நம் நாட்டிலும் தென்னங்கன்றுக்கு அருகே திரியிட்ட பானை வைக்கும் வழக்கம் உண்டு.

பானையை ஆயிரம் கொடிகளுக்கு வைப்பது எங்ஙனம்? அதற்கு விடை கண்டவர் சிம்கா பிளாஸ் என்னும் நீர்ப் பொறியாளர். 1930-களில், நீர் பாய்ச்சாத ஒரு மரம் மட்டும் தழைத்து நின்றதற்குக் காரணம், அருகே ஒரு குழாய் இணைப்பிலிருந்து கசிந்த சிறு துளிகளே என்று அவர் கண்டார். அன்று மலிவான பிளாஸ்டிக் குழாய் இல்லை, எண்ணம் காத்திருந்தது. சிறு துளையிட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். பெருந்துளையிட்டால் நீர் பீறிடும். ஆகவே அவர் நீரை நீண்டு வளைந்த சிறு கால்வாயில் ஓடவிட்டார். உராய்வினால் வேகம் தணிந்து, மணிக்குச் சில லிட்டர் என்ற கணக்கில் நீர் சொட்டியது. 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையில் இது தொழிலாயிற்று.

சொட்டிய நீரை வெயில் கவராமல் காப்பது மூடாக்கு. நம் உழவர் கரும்புத் தோகையையும் வைக்கோலையும் பரப்புவர். இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது அட்லாண்டிக் கடலிலுள்ள லான்சரோட்டே தீவு. 1730 முதல் 1736 வரை அங்கே எரிமலை கக்கிய கரிய துகள்கள் விளைநிலத்தை மூடின. மக்கள் துகளைத் தோண்டிக் குழி செய்து, அடியிலிருந்த பழைய மண்ணில் திராட்சை நட்டனர். காற்றைத் தடுக்கப் பிறைவடிவில் கல்லடுக்கினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதில் பத்தில் ஒரு பங்கு! ஆயினும் அத்துகள் ஈரத்தைக் காத்து நிற்பதால் கொடிகள் காய்க்கின்றன. விளைநிலத்தை மூடிய பேரழிவே மூடாக்காக மாறிவிட்டது.

ஒயினுக்குரிய திராட்சையில் மற்றொரு புதுமை உண்டு. நீர் மிகுந்தால் தழை பெருகிக் கனியை நிழலில் மூடும். கனியும் நீர்த்துப் போகும். சிறிதளவு தாகம் இருந்தால் கனி சிறுக்கும்; சாற்றை நோக்கத் தோலின் பங்கு மிகும். நிறமும் மணமும் பெரிதும் தோலில் இருப்பதால் பயன் கூடும். தாகம் அளவு கடந்தால் இலையே உதிர்ந்துவிடும். இந்த நுண்ணிய அளவை வாய்க்கால் பாசனத்தில் காக்க இயலாது, சொட்டுக்குழாயால் இயலும்.

இந்தியாவில் 1970-களில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொட்டுநீரை ஆராய்ந்தது. நாசிக்கின் ஒயின் தோட்டங்கள் இம்முறையை ஏற்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை பந்தலில் படரும் ஊர்களிலும் குழாய்கள் புகுந்துள்ளன. தமிழக அரசு சிறு, குறு உழவர்க்கு முழு மானியம் அளிக்கிறது.

ஆனால் ஓர் ஐயம் எனக்கு உண்டு. மிச்சமான நீரைக் கொண்டு உழவர் அடுத்த இரண்டு ஏக்கரையும் பயிரிட்டால், கிணற்றின் மட்டம் முன்போலவே இறங்கும். வறண்ட நாடுகள் சிலவற்றில் இவ்வாறே நேர்ந்துள்ளது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, சொட்டுக்குழாய் பதித்த தோட்டக்காரர் ஒருவரைக் கண்டால், விளைச்சலைக் கேட்ட பிறகு, சென்ற கோடையில் கிணற்றில் எத்தனை அடி நீர் நின்றது என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.