நீல ஓடும் நிகழ்தகவும்: மரியோ கார்ட்டில் தற்செயலும் ஈடும்

மரியோ கார்ட் என்னும் வீடியோ விளையாட்டுப் பந்தயத்தில் வெல்வது திறமையா, அதிர்ஷ்டமா என்ற விவாதம் அந்த விளையாட்டின் வயதளவு பழையது. விவாதம் முடிவுக்கு வராததற்குக் காரணம் உண்டு. அங்கே அதிர்ஷ்டம் என்று சொல்லப்படுவதில் தன்மையால் வேறான இரண்டு கலந்து கிடக்கின்றன: ஒன்று தற்செயல், மற்றொன்று பின்தங்கியவருக்கு விதிப்படி கிடைக்கும் ஈடு. இவ்விரண்டையும் பிரித்தால்தான் குறை எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

தாயக்கட்டை உருட்டுபவர் முன்னால் இருக்கிறாரா, பின்னால் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. மரியோ கார்ட்டில் ஓட்டுநருக்குப் பொருள் தரும் பெட்டி பார்க்கிறது. 1992இல் நிண்டெண்டோ வெளியிட்ட முதல் விளையாட்டிலேயே பந்தயத்தில் ஒருவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் பொருள் மாறியது. 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் முதலிடத்திலிருந்து அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதையே கணக்கில் கொள்கிறது. முன்னணியில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் வாழைப்பழத் தோல், பச்சை ஓடு, நாணயம். வெகுதொலைவு பின்தங்கியவருக்கோ நட்சத்திரம், தங்கக் காளான், புல்லட் பில். இவற்றுள் எது வரும் என்பது மட்டுமே தற்செயல்.

திறமைக்கு எதிரான சாட்சியாக எப்போதும் நிறுத்தப்படுவது 1996இல் மரியோ கார்ட் 64இல் அறிமுகமான நீல ஓடு. முதலிடத்தவரைத் தேடிச் சென்று தாக்கும் அது பறிப்பது சில நொடிகளை மட்டுமே. வளைவுதோறும் சறுக்கி, மினி-டர்போ என்னும் வேக உந்துதல் சேர்த்துப் பெரிய இடைவெளி உண்டாக்கியவர் அடிபட்ட பிறகும் முன்னால் இருக்கக்கூடும். நூலிழையில் முந்தியிருந்தவர்தான் இடம் இழக்கிறார். சூப்பர் ஹார்ன் கையிலிருந்தால் ஓட்டைத் தகர்க்கலாம். காளானைச் சரியான கணத்தில் பயன்படுத்தித் தப்பவும் முடியும். மேலும், 12 பேர் ஓடும் பந்தயத்தில் முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10. பல பந்தயங்களின் கூட்டுத்தொகையில் இந்த இழப்பு கரைந்துவிடும். ஒரே பந்தயத்தை வைத்துத் திறமையை அளப்பதே பிழை.

ஈட்டின் கதை வேறு. அதன் விதியை அறிந்தவர்கள் அதையே உத்தியாக்கிக் கொண்டார்கள். வேண்டுமென்றே பின்தங்கி, வலுவான பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, கடைசிச் சுற்றில் புல்வெளிக் குறுக்குவழியில் பாய்வதை ஆட்டக்காரர்கள் ‘பேகிங்’ என்கிறார்கள். டீலக்ஸில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இது மேலும் வலுப்பெற்றது. எந்தத் தடத்தில் இது பலிக்கும், மின்னல் என்னும் பொருள் யாரிடம் இருக்கக்கூடும், எப்போது பாய வேண்டும் என்று கணிப்பதற்குத் தேர்ந்த அறிவு வேண்டும். ஆகவே இதுவும் திறமைதான். ஆனால் ஓட்டும் திறமை அன்று.

ஓட்டும் திறமையைத் தனியே காண விரும்புவோருக்கு டைம் டிரையல் இருக்கிறது: அங்கே பெட்டிகள் இல்லை, எல்லோருக்கும் மூன்று காளான்கள். எனினும் எதிராளி இல்லாத அந்த ஓட்டம் பந்தயத்துக்கு மாற்றாகாது. பந்தயத்தில் தற்செயலைச் சமாளிப்பதும் தேர்ச்சியின் பகுதியே.

ஆகவே நீல ஓட்டை நீக்கச் சொல்லும் கோரிக்கை இலக்குத் தவறியது. புதியவர் தொடர்ந்து ஆட ஈடு தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவது லாபம் என்ற நிலையை ஈடு உருவாக்கும்போது பந்தயம் தன் இயல்பை இழக்கிறது. விளையாட்டை வடிவமைப்போர் திருத்த வேண்டியது ஈட்டின் அந்த அளவையே.